அடைக்கலம்

நுழையும்முன்

நலிந்தோர்க்கு உதவுதல் நல்லவர் சிலரின் விருப்பச் செயலா, ஊரார் அனைவரின் பொறுப்பா? ஒருவருக்குச் சோறும் கூரையும் கொடுத்துவிட்டால் அவரைப் பேணிவிட்டதாகக் கொள்ளலாமா? சிலப்பதிகாரத்து மாதரியிடம் தொடங்கி, திருநின்றவூர் வழியாக, இன்றைய சட்டங்கள்வரை இவ்வினாக்களைத் தொடர்ந்து செல்கிறது இவ்வுரைநடை.

மாதரியின் பொறுப்பு

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கே ‘அடைக்கலக் காதை’ என்பது பெயர். மதுரை நகரின் மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில், கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதியவளாகிய மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரி செல்வம் படைத்தவள் அல்லள்; மோர் விற்று வாழ்பவள். வந்தவர்களோ அவளுக்கு முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். ஊர் தெரியாத ஊரில், கையில் ஓர் இணைச் சிலம்பைத் தவிர வேறு முதல் இல்லாதவர்கள்.

மாதரி அவர்களைத் தன் வீட்டு மூலையில் படுக்கவைத்து எஞ்சிய உணவை இட்டு அனுப்பவில்லை. தனியே ஒரு மனையைத் தருகிறாள். கோவலன் சாவக நோன்பினன் என்பதை எண்ணிப் பார்த்து, அவர்கள் தம் முறைப்படி தாமே சமைத்து உண்ணப் புதிய கலங்களையும் அரிசியையும் காய்களையும் அனுப்புகிறாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக அமர்த்துகிறாள். வந்தவரின் பழக்கம் யாது, அவர் கூச்சம் எதில் உள்ளது, தனிமை எப்போது வருத்தும் என்றெல்லாம் அறிந்து செய்த உதவி அது. பின்னர்க் கோவலன் கொலையுண்டு கண்ணகியும் மதுரையை எரித்து நீங்கியபோது, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டோரைக் காக்க இயலவில்லையே என்று மாதரி தீயில் புகுந்து உயிர்விட்ட செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்லக் கேட்கிறோம். அச்செயலை இன்று எவரும் போற்றிப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால், அடைக்கலம் என்பதனை அக்காலத்தார் எத்துணைப் பெரிய பொறுப்பாகக் கருதினர் என்பதை அளக்க அது ஓர் அளவுகோல்.

இச்சொல் காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. வீட்டுக் கூரையின் இடுக்கில் வைக்கோலைச் செருகிக் கூடு கட்டும் சிட்டுக்குருவிக்குத் தமிழர் இட்ட மற்றொரு பெயர் அடைக்கலக் குருவி. நம்பி வந்த குருவியின் கூட்டைக் கலைத்தல் ஆகாது என்பது சிற்றூர் வீடுகளின் எழுதாச் சட்டம்.

மனக்கோயிலும் மண்வீடும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டியில் அம்பத்தூர், ஆவடி ஆகியவற்றைக் கடந்தால் வருவது திருநின்றவூர். பக்தவத்சலப் பெருமாள் கோயிலாலும், பூசலார் நாயனாராலும் பெயர்பெற்ற ஊர். கையில் பொருளின்றி மனத்திலேயே கல் சுமந்து, சுவர் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்த பூசலாரின் வரலாற்றைப் பெரியபுராணம் விரிக்கிறது. காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர் கோமானின் கனவில் இறைவன் தோன்றி, தான் முதலில் பூசலாரின் கோயிலுக்கே செல்ல இருப்பதாகக் கூறினான் என்பது அவ்வரலாறு. அவர் நினைவாக இருதயாலீசுவரர் கோயில் இன்றும் அவ்வூரில் உள்ளது.

மனத்தில் கட்டிய கோயில் இறைவனுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால், பெற்றோரை இழந்த குழந்தையையோ, பிள்ளைகளால் கைவிடப்பட்ட மூதாட்டியையோ மனத்தில் குடிவைத்தல் இயலாது. அவர்களுக்குச் சுவரும் கூரையும் அடுப்பும் வேண்டும். அடுப்புக்கு நாள்தோறும் அரிசி வேண்டும். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் எழுந்து வர ஓர் ஆள் வேண்டும்.

அத்தகைய இடம் ஒன்று திருநின்றவூருக்கு அருகிலேயே உருவானது. கசுவா என்னும் சிற்றூரில் 1988ஆம் ஆண்டு வி. முரளிதரன் ‘சேவாலயா’ என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கணினித் துறையில் பணியாற்றியவர் அவர். பாரதியார், காந்தியடிகள், விவேகானந்தர் ஆகிய மூவரின் கருத்துகளை அந்நிறுவனம் தனக்கு வழிகாட்டிகளாகக் கொண்டது. ஆதரவற்ற சிறார்க்கான இல்லம், மகாகவி பாரதியாரின் பெயர் தாங்கிய கட்டணமில்லாப் பள்ளி, முதியோர் இல்லம், மாட்டுத் தொழுவம் என அது படிப்படியாக வளர்ந்தது.

அங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. சிறார் இல்லமும் முதியோர் இல்லமும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. இவ்விரண்டையும் தனித்தனி ஊர்களில் தனித்தனி மதிலுக்குள் வைப்பதே பொதுவழக்கு. நிருவாகத்துக்கும் அதுவே எளிது. ஆனால், பேரக்குழந்தைகளைக் காணாத முதியவரும், தாத்தா பாட்டியை அறியாத சிறுவனும் ஒரு வேலிக்குள் வாழும்போது, பணம் கொடுத்து வாங்க இயலாத ஒன்று இருவருக்கும் கிடைக்க வாய்ப்பு உண்டாகிறது. கதை சொல்ல ஒருவர் காத்திருக்கிறார். கேட்க ஒருவர் வருகிறார். பேணப்படுபவரே மற்றொருவரைப் பேணவும் செய்கிறார். ‘நான் எவருக்கும் பயன்படாதவன்’ என்னும் எண்ணம் முதுமையில் மூட்டுவலியைவிடக் கொடியது. அதற்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை.

தெரிந்து தெளிவோம்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில் உள்ளது திருமுக்கூடல். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. ஆதுலர் என்பார் நோயாளர். அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை மருத்துவம் செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் எனப் பலரும் அங்குப் பணியாற்றினர். அவர்களுக்கான ஊதியமும், இரவில் விளக்கெரிப்பதற்கான செலவும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்வெட்டில் உள்ளன. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணவர்க்கும் பணியாளர்க்குமே அச்சாலை அமைந்தது. ஊரார் எல்லார்க்கும் உரியதாக இல்லை.

பிறந்தநாள் இலை

தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு வழக்கம் பரவியுள்ளது. பிறந்தநாள், திருமண நாள், மறைந்தோர் நினைவு நாள் ஆகியவற்றில் சிறார் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒருவேளை உணவு அளித்தல். நல்ல வழக்கம்தான். பல இல்லங்களின் அடுப்பு எரிவதற்கு அது உதவுகிறது; அதனைப் பழித்தல் முறையன்று. எனினும், உணவின்முன் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்தும் அதனைப் பார்த்தல் வேண்டும். யாரென்று தெரியாத ஒருவரின் பிறந்தநாளுக்குக் கைதட்டிப் பாட்டுப் பாட வேண்டும். கைப்பேசிப் படத்துக்குப் புன்னகைக்க வேண்டும். தனது தட்டு தன் முன்னே இருந்தும், படம் எடுத்து முடியும்வரை கைவைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்கள் இனிப்போடு வரலாம். செவ்வாய்க்கிழமை எவரும் வாரார். கணக்குப் பாடத்தில் ஐயம் கேட்க ஆள் வேண்டிய நாளும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

மாதரி அனுப்பிய புதுக் கலங்களை இங்கு நினைவுகூரலாம். பெறுபவர் தலைநிமிர்ந்து பெறுமாறு கொடுக்கும் நுட்பம் அவளிடம் இருந்தது. மணிமேகலையிடமும் அது காணப்படுகிறது. அமுதசுரபியைக் கையில் ஏந்தியவள் நாடிச் சென்ற இடங்களுள் சிறைக்கோட்டமும் ஒன்று. அங்கிருந்தோரின் பசியைப் போக்கியதோடு அவள் நிற்கவில்லை. அச்சிறையையே அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு மன்னனிடம் வேண்டிப் பெற்றாள். பசியைத் தீர்ப்பதோடு பசிக்கும் துன்பத்துக்கும் இடமான அமைப்பையும் மாற்றக் கேட்டாள் என்பதே அக்காதையின் ஆழம்.

முதியோரும் சட்டமும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கும் சற்று மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வேலையின் பொருட்டு வெளியூரும் வெளிநாடும் செல்கின்றனர். எஞ்சியோர் புறநகரின் சிறிய வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். இடநெருக்கடி உண்மை, பணநெருக்கடியும் உண்மை. எனவே, முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்க்கும் பிள்ளைகள் அனைவரையும் கல்நெஞ்சர் என்று ஒரே சொல்லால் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ஆனால், வேறொரு வகையும் உண்டு. நிலத்தின் விலை ஏறும் புறநகர்ப் பகுதிகளில், முதியவர் தம் வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு எழுதிக் கொடுத்தபின் அவ்வீட்டின் திண்ணைக்கும் உரிமையற்றவராகும் நிலை.

இதற்காகவே பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. வாழ வழியற்ற பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டு அதற்கெனவுள்ள தீர்ப்பாயத்தை நாடலாம். வழக்கறிஞர் வைத்து நீண்ட காலம் வழக்காட வேண்டிய தேவை இல்லை. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்திருந்து, பெற்றவர் பேணத் தவறினால், அந்த ஆவணம் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஆவணத்தில் அந்நிபந்தனை ஒரு வரியேனும் எழுதப்பட்டிருத்தல் முதியவருக்குப் பெரும் பாதுகாப்பு. பத்திரம் எழுதுமிடத்தில் அந்த ஒரு வரியைக் கேட்க, மகன்மேல் ஐயம் கொண்டதாக ஆகிவிடுமோ என்று கூசி எழுதாமல் விட்டவர் பலர். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, சிறார்க்கானது 1098.

நடைமேடையில் ஒருவர்

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை இடப்பட்டது தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை. அதே வழித்தடத்தில்தான் திருநின்றவூர் நிலையமும் உள்ளது. இருப்புப்பாதை வேலைக்குச் செல்வோரை மட்டும் ஏற்றி வருவதில்லை. மனநலம் பாதிக்கப்பட்டு, எங்கோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வண்டியில் ஏறி, பெயரும் மொழியும் தெரியாத நிலையத்தில் இறங்கிவிடுவோரும் உண்டு. சிக்குப் பிடித்த தலையும் அழுக்கேறிய உடையுமாக நடைமேடையின் கோடியில் அமர்ந்திருப்பவரை நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்கின்றனர். நலிந்தோருள் மிக நலிந்தவர் அவரே எனலாம். குழந்தை அழுதால் திரும்பிப் பார்ப்போம். முதியவர் தடுமாறினால் கைகொடுப்போம். இவரைக் கண்டால் விலகி நடப்போம். அவ்விலகலுக்கு அச்சமே காரணம். அந்த அச்சத்துக்கு நாம் வைத்திருக்கும் இழிசொல்லை இங்கு எழுத வேண்டுவதில்லை.

1993ஆம் ஆண்டு சென்னையில், சாலையில் அத்தகைய நிலையில் இருந்த ஒரு பெண்ணைக் கண்ட இளம்பெண்கள் இருவர் கடந்து செல்லவில்லை. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் அவ்விருவரும், வீடின்றித் திரியும் மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக ‘தி பேன்யன்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஆலமரம் என்பது அப்பெயரின் பொருள். அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் அவ்வமைப்பு எழுப்பிய இல்லத்தின் பெயர் ‘அடைக்கலம்’. காப்பியத்துச் சொல் ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையில் மீண்டும் வந்து அமர்ந்தது.

அங்கு நடைபெறும் பணியின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில் குளிப்பாட்டல், புண்ணுக்கு மருந்திடல், உணவு, உறக்கம். பிறகே மனநல மருத்துவம். மருந்து பலனளிக்கத் தொடங்கும்போது நினைவுகள் சிறுசிறு துண்டுகளாகத் திரும்புகின்றன. ஓர் ஆற்றின் பெயர், ஊர்த் திருவிழாவின் பெயர், பள்ளியின் பெயர் என ஏதேனும் ஒன்று. அத்துண்டைப் பற்றிக்கொண்டு மொழி அறிந்தோர் துணையுடன் ஊரைத் தேடுகின்றனர். பெண் இறந்துவிட்டாள் என்று எண்ணிச் சடங்குகளை முடித்துவிட்ட குடும்பத்தின் வாயிலில் அவள் சென்று நிற்றலும் இத்தகைய பணியில் நேர்வதுண்டு.

இதற்கு முற்பட்ட வரலாறு நீண்டது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1871இல் தொடங்கப்பட்டது. நோயாளரை ஊரிலிருந்து அகற்றி உயர்ந்த மதிலுக்குள் வைத்தலே அக்கால உலகெங்கும் வழக்கம். 1961இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஆய்வு நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’ உருவாக வழிகோலினார். நோயாளர் மருந்தோடு வேலையும் பெற வேண்டும், குடும்பத்தோடு வாழ வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து. 2021இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

அவர் வலியுறுத்தியது எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு விடியற்காலை உணர்த்தியது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டோரை வைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களைப் பெரும்பாலும் அங்குக் கொண்டுவந்து விட்டவர்கள் உறவினர்களே. அன்பில்லாமல் விட்டனர் என்று முழுதும் கூறிவிட முடியாது. குணமாகும் என்னும் நம்பிக்கையோடு விட்டவரும் உண்டு. மருத்துவம் எங்கே கிடைக்கும் என்று அறியாமல் விட்டவரும் உண்டு. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அந்நிகழ்வை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இன்று நடப்பில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறியது. மனநலம் பாதிக்கப்பட்டவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலை அது தடைசெய்கிறது. நடைமேடையில் கண்ட மனிதரைப் பற்றியும் அதில் ஒரு பிரிவு உண்டு. அவ்வாறு திரிபவர் மனநலப் பாதிப்பால் தம்மைப் பேண இயலாதவர் என்று கருத இடமிருந்தால், அவரைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளுதல் அந்தக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அவரை அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது. வீடற்றவராயின், காணாமற்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ஆகவே, நடைமேடையில் அவரைக் காணும் ஒருவர் செய்ய வேண்டியது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. நிலைய அலுவலரிடமோ காவலரிடமோ தெரிவித்து, இச்சட்டத்தை நினைவூட்டினால் போதும். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண்ணும் 2022 முதல் இயங்குகிறது.

தெருவில் ஒரு வீடு

குணமடைந்த பின்னும் வீடு திரும்ப இயலாதோர் உளர். சிலருக்குக் குடும்பமே இல்லை. சிலரின் குடும்பம் ஏற்க மறுக்கிறது. அவர்கள் எஞ்சிய காலத்தை மருத்துவமனையிலேயே கழிக்க வேண்டுமா?

இவ்வினாவுக்குப் பெல்ஜியம் நாட்டின் கீல் என்னும் சிற்றூர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டது. மனநலம் வேண்டி அவ்வூர்த் தேவாலயத்துக்கு வந்தோரை ஊரார் தம் வீடுகளில் தங்கவைத்தனர். 1930களின் இறுதியில் 3,700க்கும் மேற்பட்டோர் இவ்வாறு உழவர் குடும்பங்களோடு வாழ்ந்து, வயல் வேலையிலும் வீட்டு வேலையிலும் பங்கேற்றனர். அவர்களை நோயாளர் என்று அழையாமல் உடனுறைவோர் என்னும் பொருள்படும் சொல்லாலேயே ஊரார் அழைத்தனர். இன்று எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டாலும் அவ்வழக்கம் அங்கு அழியவில்லை.

தி பேன்யன் அமைப்பு 2015இல் தொடங்கிய முயற்சியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. சாதாரணத் தெருக்களில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேரைக் குடும்பம்போல் வாழவைத்தனர். உதவிக்கு ஒரு பணியாளர் உண்டு. இன்று என்ன சமைப்பது, எந்தத் தொடரைப் பார்ப்பது, சந்தைக்கு யார் போவது என்பனவற்றை அவர்களே முடிவு செய்கின்றனர். மதிலுக்குள் பல்லாண்டுகள் வாழ்ந்தவருக்குக் கத்தரிக்காயா முருங்கைக்காயா என்று தேர்ந்தெடுப்பதே ஒரு விடுதலை. இத்தகைய வீடு கிடைப்பதில்தான் இடர் மிகுதி. நன்கொடை தரத் தயங்காதோரும், பக்கத்து வீட்டில் இவர்கள் குடிவருவதை விரும்பத் தயங்குவர். அடைக்கலம் கொடுத்தலில் கடினமான பகுதி பணம் அன்று, அண்டை வீடு.

அண்டை அயலாராக வாழ்வதற்கு முகவரி வேண்டும், பெயர் வேண்டும், அட்டைகளும் வேண்டும். மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தோரின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இராமல் போவது இயல்பு. 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலுக்கு முன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில், தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தோரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஏப்ரல் 18ஆம் நாள் மருத்துவமனை வளாகத்திலேயே அமைக்கப்பட்ட வாக்குச்சாவடியில் 150க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று வாக்களித்து, விரலில் வைத்த மையோடு தம் படுக்கைகளுக்குத் திரும்பினர்.